மேஸ்திரிக்கு ஒரு லேப்டாப்

வண்டி வைத்திருப்பவனிடம் அக்கம்பக்கத்தார் எல்லாவற்றுக்கும் யோசனை கேட்பார்கள். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த டாக்டர் கைராசிக்காரர், தண்ணீர்த் தொட்டிக்கு எந்த மூடி நல்லது என்று எதுவானாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவேன், மாலையில் அதே இருபத்திரண்டையும் எண்ணித் திருப்பிக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். ஆனால் நாலு இடம் போய் வருகிறவனுக்கு நாலும் தெரிந்திருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதை நானாகப் போய்க் கெடுத்துக்கொண்டதில்லை.

அப்படித்தான் எதிர்வீட்டு அக்கா ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வந்து நின்றார்.

"தம்பி, ஒரு லேப்டாப் வாங்கணும். நாளைக்கு எனக்கு லீவு. பகல்ல வண்டி சும்மாதானே நிக்கும்?"

"சும்மாதான் நிக்கும். யாருக்கு லேப்டாப்?"

"உங்க அண்ணனுக்குத்தான்."

நான் அவர் தோளுக்கு மேலே எட்டி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலோரம் பலகைக் கட்டிலில் மேஸ்திரி மல்லாந்து படுத்திருந்தார், முழங்கால்களை மடித்து, மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்கள் குடியிருப்பில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மேஸ்திரி என்றால் அவர்தான். இருபத்தாறு வருஷம் கட்டட வேலை பார்த்தவர். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் மூன்றாவது மாடி உயரத்தில் சாரம் முறிந்து விழுந்தார். முதுகுத்தண்டில் தகடும் திருகாணியும் வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் நடப்பார். கால் மணி நேரம் உட்காருவார். அதற்குமேல் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து நெருப்பு ஏறுகிறது என்பார். மற்ற நேரமெல்லாம் கட்டில்தான்.

அவர் விழுந்தது எனக்குத் துக்கம். விழுந்த பிறகு அவர் ரொம்ப நல்லவர் ஆகிவிட்டது அதைவிடப் பெரிய துக்கம். முன்பெல்லாம் அவர் வாய்க்குப் பயந்து ஆட்கள் தெருவின் அந்தப் பக்கமாக நடப்பார்கள். என் வீட்டில் காலண்டர் மாட்ட நான் அடித்த ஆணியைப் பார்த்துவிட்டு, "சுவரு உனக்கு என்னடா பாவம் பண்ணிச்சு?" என்று அரை மணி நேரம் என்னை உண்டு இல்லை என்று ஆக்கினார். அந்த மனுஷன் இப்போது தண்ணீர் கொடுத்தால் நன்றி என்கிறார். ஜன்னலைத் திறந்துவிட்டால் நன்றி. அக்கா தலையணையை நகர்த்தி வைத்தால், "உனக்குத்தான் சிரமம்" என்கிறார். கட்டிய மனைவியிடம் ஒருவர் விருந்தாளி மாதிரிப் பேசுவதைக் கேட்டால் நான் சாக்குச் சொல்லி எழுந்து வந்துவிடுவேன்.

"லேப்டாப்ப வெச்சு அண்ணன் என்ன பண்ணப் போறார்?" என்று கேட்டேன்.

"முன்னாடி இவர் வேலை பாத்த இன்ஜினியர் வந்துட்டுப் போனாரில்ல? வேலை தரேன்னு சொல்லியிருக்கார் தம்பி. வீட்டு பிளான அனுப்புவாராம். எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு கம்பின்னு இவர் கணக்குப் போட்டு, கட்டம் கட்டமா அடிச்சு அனுப்பணும். ஆபீஸ்ல ஒருத்தர் போடறாராம், அவர் கணக்குப்படி வாங்கினா பாதி வீட்டுலயே செங்கல் தீந்து போயிடுதாம்."

"அண்ணனுக்கு அதெல்லாம் அடிக்க வருமா?"

"ரெண்டு வாரமா ஃபோன்லயே அடிச்சுப் பழகிட்டார். அந்தத் துளியூண்டு கட்டத்தப் பாத்துப் பாத்து கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. மொத பிளான் வந்தாச்சு. அடுத்த திங்கக்கெழம குடுத்தாகணும். சரியா இருந்தா தொடர்ந்து வேலை. இல்லன்னா ஆபீஸ்லயே பாத்துக்கறோம்னுட்டாராம்."

வேலை கிடைத்தால் காசு வரும் என்பது ஒரு பக்கம். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற மனுஷனுக்குப் பார்ப்பதற்கு வேறு ஏதாவது கிடைக்கும் என்பதுதான் அக்காவுக்கு முக்கியம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் பத்து மணிக்கு நான் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது மேஸ்திரி கட்டிலில் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார். சட்டை மாற்றியிருந்தார்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"கடை மாடியில இருக்குங்க. ரெண்டு திருப்பம் படி ஏறணும். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? நான் பாத்து நல்லதா வாங்கிட்டு வரேன்" என்றார் அக்கா.

"சரி. உனக்குத்தான் சிரமம்" என்று மறுபடி படுத்துக்கொண்டார்.

அக்கா பெரிய துணிக்கடை ஒன்றில் போர்வை, திரைச்சீலைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவர். நிற்கிறவர் என்றால் நிஜமாகவே நிற்கிறவர். அங்கே உட்கார ஸ்டூல் கிடையாது. காலையில் ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்ற முடியாமல் கால் வீங்கியிருக்கும். ஆனால் விற்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று கேள்வி. வருகிறவர் வாசலில் செருப்பை விடும்போதே அவர் என்ன வாங்குவார் என்று சொல்லிவிடுவாராம். வண்டியில் போகும்போது அந்த வித்தையில் பாதியை எனக்கு இனாமாகக் கொடுத்தார்.

"தம்பி, கடையில மொதல்ல எடுத்துப் போடறாங்க பாருங்க, அதத் தொடவே கூடாது. நாங்க மொதல்ல போடறதெல்லாம் தள்ளிவிட வேண்டிய சரக்கு. நல்லது பின்னாடி இருக்கும். கேட்டாத்தான் வரும்."

"அப்படியா அக்கா?"

"அப்புறம், கனம் பாக்கணும். கலர்ல ஏமாத்தலாம், டிசைன்ல ஏமாத்தலாம், கனத்துல ஏமாத்த முடியாது. போர்வைய உள்ளங்கையில வெச்சா அது அங்க இருக்குன்னு தெரியணும். லேசா இருந்துச்சுன்னா நூல மிச்சம் பிடிச்சிருக்கான்னு அர்த்தம். நாலு துவைப்புல சல்லடை."

எனக்கு அது வேதவாக்காகத்தான் பட்டது. வண்டியிலும் அப்படித்தானே, லேசான வண்டி காற்றடித்தாலே ஆடும்.

கடை ஏசியில் பல் கிட்டியது. நீள மேசைகளில் லேப்டாப்புகளை வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள். ஒல்லியான ஒரு பெண் வந்து விசாரித்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது. இடது காலை லேசாகத் தூக்கி வலது காலில் பாரம் கொடுத்து நின்றாள். அக்கா முதலில் பார்த்தது அந்தக் காலைத்தான்.

"காலையிலேர்ந்து நிக்கறியாம்மா?"

"ஆமா மேடம். பழகிடுச்சு."

"பழகாது. பழகிட்ட மாதிரி இருக்கும்" என்றார் அக்கா. அந்தப் பெண் சிரித்தாள். "யாருக்கு மேடம், எதுக்காக?" என்று கேட்டாள். வீட்டுக்காரருக்கு, கணக்குப் போட என்று சொல்லி, இன்ஜினியர் எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா நீட்டினார்.

"இதெல்லாம் எல்லாத்துலயும் இருக்கும் மேடம். கணக்குக்குன்னா இதுவே போதும்" என்று வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மெல்லிசாக, பார்க்க லட்சணமாக இருந்தது. "ஒரு கிலோதான். எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம்."

அக்கா அதன் மூடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தடவிப் பார்த்தார், துணியைத் தடவுவது மாதிரியே. பிறகு உள்ளங்கையில் வைத்து நிறுத்தார். உதட்டைப் பிதுக்கி என்னைப் பார்த்தார். முதலில் காட்டியது, அதோடு லேசு. இரண்டு குற்றமும் ஒன்றிலேயே இருந்தன.

"வேற காட்டும்மா."

அந்தப் பெண் நாலைந்து காட்டினாள். அக்கா ஒவ்வொன்றாக நிறுத்து நிறுத்து வைத்தார். கடைசி மேசையில் கருப்பாக, செங்கல் பருமனில் ஒன்று இருந்தது. அக்கா தானே போய் அதை இரண்டு கையாலும் தூக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

"மேடம், அது கேம் ஆடறவங்க வாங்கறது. வெயிட்டு அதிகம், மூணு கிலோ பக்கம் வரும். சூடும் ஆகும். உங்களுக்குத் தேவைப்படாது."

அக்கா என் பக்கம் குனிந்து, "பாத்தீங்களா, வேண்டாம்னு சொல்றா. கமிஷன் இல்லாத சரக்கு போல. அப்ப இதுதான் நல்லது" என்றார்.

என்னிடமும் தூக்கிக் கொடுத்தார். அந்தச் சமயத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "நல்ல கனம் அக்கா. ரோட்ல ஒக்காந்து ஓடும்" என்றேன். இந்தக் கதையில் என் பாவக்கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

வீட்டில் அதைத் திறந்ததும் விசைகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் ஓடின. கட்டில் பக்கத்துச் சுவரெல்லாம் கலர் கலராக மாறியது. மேஸ்திரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் அக்கா.

"ரொம்ப நல்லா இருக்கு."

"கனத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்ல கனம். நன்றி."

அக்கா அன்றைக்கு டீயில் கூடக் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். எனக்கும் ஒரு வேலையை நன்றாக முடித்த திருப்தி. வாடிக்கையாளர் பொருளைத் தூக்கிக்கொண்டு திருப்தியாகப் போனால் அக்காவுக்கு எப்படி இருக்குமோ, அப்படி இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம்.

வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. அக்கா கடையில் இருக்கும் நாட்களில் மத்தியானம் நான் ஒரு எட்டுப் போய் மேஸ்திரியைப் பார்ப்பது வழக்கம். இரண்டு பன்னும் பிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு போனேன். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போனால் மேஸ்திரி மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு துண்டை எட்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் அந்தக் கருப்புச் செங்கல்லை வைத்திருந்தார். நெற்றியில் வேர்வை. மூச்சை வாயால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"இரு. இந்த ஜன்னலுக்கான செங்கல்லக் கழிச்சுட்டு வரேன்."

ஒரு எண்ணை அடித்துவிட்டு லேப்டாப்பைப் பக்கத்தில் சரித்து இறக்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார், தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தவரைப் போல. சட்டை விலகியிருந்தது. வயிற்றில் நாலு மூலையும் தெளிவாகத் தெரிய ஒரு சிவப்புத் தடம். நடுவில் தோல் பளபளவென்று கன்றியிருந்தது.

"சுட்டுருக்கே அண்ணே."

"அடியில ஃபேன் இருக்கு. துண்டு போட்டா அதுக்கு மூச்சு முட்டுது, போடலன்னா எனக்குச் சுடுது" என்றார் சாதாரணமாக. "பத்து நிமிஷம் வெச்சுக்கலாம். அப்புறம் அரை மணி நேரம் இறக்கி வெச்சிரணும். வயித்துல பாரம் ஏறினா முதுகு கட்டிலோட அழுந்துது, தகடு இருக்கற எடத்துல குத்துது."

"எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"மூணு நாள்ல ரெண்டு ரூம். வீட்டுல ஒம்பது ரூம். மாடிப்படி, சுத்துச்சுவரு, தொட்டி எல்லாம் பாக்கி."

"திங்கக்கெழம குடுக்கணுமே?"

"முடியாது. எனக்குத் தெரியும்."

அதை அவர் சொன்ன விதம்தான் எனக்கு ஆகவில்லை. கோபமில்லை, வருத்தமில்லை, பஸ் போய்விட்டது என்கிற மாதிரி சொன்னார்.

"அக்காகிட்ட சொல்லலாமில்ல?"

"சொல்லாத. நீயும் சொல்லாத. ஆசையா வாங்கிட்டு வந்திருக்கா."

நான் தலையாட்டினேன். தலையாட்டினால் அது சத்தியம் ஆகாது என்பது என் கட்சி. அன்றைக்குத் துணிக்கடையில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியதால் அக்கா ஆறு மணிக்கே வந்துவிட்டார். பஸ் நிறுத்தத்திலேயே அவரைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீங்கிய காலோடு எங்கள் தெருவை அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. நானும் பின்னாலேயே போனேன். போயிருக்கக் கூடாதுதான், ஆனால் போனேன்.

"சட்டையத் தூக்குங்க" என்றார் அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

மேஸ்திரி அவரைப் பார்த்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிப்பா" என்றார் என்னிடம். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையில் பழைய காரம் இருந்தது.

அக்காவே குனிந்து சட்டையை விலக்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் சொல்லல?"

"இப்ப என்ன ஆயிடுச்சு?"

"வயிறு வெந்து கெடக்கு, என்ன ஆயிடுச்சுன்னு கேக்கறீங்க. கனமா இருக்குன்னு ஒரு வார்த்தை, அந்த ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"எந்த வாயால சொல்லச் சொல்ற? நாளெல்லாம் நின்னு சம்பாதிக்கறவ நீ. கெடைக்கற ஒரு லீவுலயும் போயி தூக்கிட்டு வந்திருக்க. இது கனம், போயி வேற வாங்கிட்டு வான்னு இங்க படுத்துக்கிட்டு உத்தரவு போடணுமா?"

"போடணும். பொண்டாட்டிகிட்ட போடாம வேற யார்கிட்டப் போடுவீங்க?"

"நீ கேட்டியா?"

அக்கா விலக்கிய சட்டையை இழுத்துவிட்டார்.

"நானும் வரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்ட. சரி, என்ன மாதிரி வேணும்னு கேட்டியா? படுத்துக்கிட்டு எப்படிப் பிடிப்பீங்க, எங்க வெப்பீங்கன்னு கேட்டியா? விழுந்த நாள்லேர்ந்து உன்கிட்ட ரெண்டே கேள்விதான். வலிக்குதா, தண்ணி வேணுமா. வேற ஒண்ணு கேட்டிருக்கியா? நீ எடுத்துட்டு வந்த இந்தச் சட்டை. இந்தக் கலரே எனக்குப் பிடிக்காது. கல்யாணத்துக்கு முன்னாடியே பிடிக்காது."

"நல்லாருக்குன்னீங்களே."

"எல்லாத்தையும்தான் நல்லாருக்குங்கறேன். சும்மா படுத்திருக்கறவன் குறை வேற சொன்னா கேக்க நல்லாவா இருக்கும்?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் உட்கார்ந்ததும் வழக்கமாகக் காலைப் பிடித்துவிட்டுக்கொள்வார். அன்றைக்கு அதுவும் இல்லை.

"கடைக்கு வர்றவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாது" என்றார். "நான்தான் எடுத்துக் குடுப்பேன். குடுத்தா சரின்னு வாங்கிட்டுப் போவாங்க. அதே மாதிரி..."

"நான் உன் கடைக்கு வந்த ஆளா?"

"இல்ல" என்றார் அக்கா. "தெரியல. எப்ப அப்படி ஆச்சுன்னு தெரியல."

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். அவர் கண்ணில் ஈரம் இருந்தது. வெளியே போய்விடலாம் என்று நான் திரும்பியபோது அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்குச் சனிக்கெழம. ஸ்கூல் கிடையாதே?"

"கிடையாது அக்கா."

"ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம்னு அந்தப் பொண்ணு சொன்னா. அவரையும் கூட்டிட்டுப் போறோம். படி ஏற ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்."

"உனக்கு நாளைக்கு லீவு கிடையாதே" என்றார் மேஸ்திரி.

"போடறேன்."

துணிக்கடையில் சனிக்கிழமை லீவு கேட்பது லேசான விஷயமில்லை. போனில் சூப்பர்வைசர் கத்தியது வாசல்வரை கேட்டது. அக்கா, "சரிங்க, சம்பளத்துல பிடிச்சுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

காலையில் தூறல் போட்டது. வேனின் நீளமான பின் இருக்கையில் மேஸ்திரியைப் படுக்க வைத்தோம். தனக்குப் பிடித்த பழைய வெள்ளைச் சட்டை ஒன்றை அவரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். கசங்கியிருந்தது, அக்கா அதைத் தேய்த்துத் தரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பிளானைச் சுருட்டி பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

படியில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அக்கா. ஆறு படிக்கு ஒரு தடவை நின்றோம். ஏழாவது படியில் கால் இடறியதும் மேஸ்திரி குனிந்து அதையே பார்த்தார்.

"இந்தப் படி மட்டும் அரை இஞ்ச் ஒசரம் கூட. எவன் கட்டினது இது? கண்ணு பின்னாடியா இருந்துச்சு அவனுக்கு?"

"வலிக்குதா?" என்று கேட்க வாயெடுத்த அக்கா, அதை விழுங்கிவிட்டு, "மத்ததெல்லாம் சரியா இருக்கா?" என்றார்.

"பன்னெண்டாவதும் கோணல்" என்றார் மேஸ்திரி. மேலே போகும்வரை அந்தக் கொத்தனாரின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டு வந்தார். வலியை மறக்க அது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே ஒல்லிப் பெண்தான் இருந்தாள். அக்கா பெட்டியை மேசையில் வைத்து, "நீ அன்னிக்குச் சொன்னது சரிதாம்மா. நான்தான் நம்பல" என்றார். நம் ஊர் வியாபாரத்தில் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அவள் பெட்டியைத் திறந்து கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றித் தருவதாகச் சொன்னாள். மேஸ்திரிக்கு நாற்காலி போட்டாள். அவர் உட்கார்ந்து வெள்ளி நிற லேப்டாப்பை மடியில் வைத்துப் பார்த்தார்.

"உக்காந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார். "ஏம்மா, இங்க எங்கயாவது படுத்துக்கலாமா?"

அவள் விழித்தாள். "சார்?"

"நான் வேலை செய்யறது படுத்துக்கிட்டு. படுத்துப் பாக்கணும்."

கடையில் கூட்டம் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுருங்கியது, ஒளிக்க என்ன இருக்கிறது. மானேஜர் கண்ணாடி அறையிலிருந்து வேகமாக வந்தார்.

"சார், இங்கெல்லாம் படுக்கக் கூடாது. மத்த கஸ்டமருக்கு இடைஞ்சல்."

அக்கா முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. பத்தொன்பது வருஷம் நின்ற குரல் அது.

"சார், நான் போர்வை விக்கறவ. எங்க கடையில வாங்க வர்றவங்க போத்திப் பாக்கறாங்க, தரையில விரிச்சு உருண்டு பாக்கறவங்ககூட உண்டு. நாங்க ஒண்ணும் சொல்றதில்ல. இவர் படுத்துக்கிட்டு வேலை பாக்கறவர். படுத்துப் பாத்துத்தான் வாங்குவார்."

மானேஜர் மேஸ்திரி முதுகுக்காகக் கட்டியிருந்த இடுப்புப் பட்டையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "அந்தப் பக்கம், பிரிண்டர் மேசைக்குப் பின்னாடி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் உள்ளே ஓடி இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து எடுத்துவந்து தரையில் விரித்தாள். மேஸ்திரி சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கிப் படுத்து முழங்காலை மடித்துக்கொண்டார். வேலை நடக்கும் இடங்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்படித்தான் அட்டையில் படுப்பார்களாம். வீட்டில் கட்டிலில் கிடந்ததைவிட அவர் உடம்பு இங்கே தளர்வாக இருந்தது.

அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வெள்ளி நிறத்தது லேசாக இருந்தது, ஆனால் அதன் மூடி ஓரளவுக்கு மேல் பின்னால் சாயவில்லை. தொடையில் சாய்த்தால் எழுத்தைப் பார்க்கக் கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தது. "வேண்டாம்" என்றார். அடுத்ததைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். காற்றுத் துளைகள் எல்லாம் கீழே. "இது அன்னிக்கு வாங்கினதோட தம்பி. வேண்டாம்." மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கையை அசைத்தால் மூடி தளர்ந்து முகத்தின்மேல் விழப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் வாய் திறந்து திறந்து மூடியது. "இது நல்லா..." என்று ஒரு தடவை ஆரம்பித்தேவிட்டார்.

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் மேஸ்திரி.

அக்கா சும்மா இருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி படுத்த வாக்கிலேயே தலையைத் திருப்பினார். "அந்தக் கண்ணாடி அலமாரியில இருக்கறது என்னது?"

"அது பழசு சார். ஒரு ஆபீஸ்லேர்ந்து வந்தது, சர்வீஸ் பண்ணி வெச்சிருக்கோம்."

"எடு."

ஓரங்களில் பெயிண்ட் போயிருந்தது. விசைகளில் நாலைந்து எழுத்து தேய்ந்து வெறுமையாக இருந்தன. வயிற்றில் வைத்தார். மூடியைத் தள்ளினார், அது அப்படியே சாய்ந்து தட்டையாகும்வரை போனது, விட்ட இடத்தில் நின்றது. பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தார். காற்று அங்கேதான் வந்தது. ஒரு நீள மூச்சை இழுத்து விட்டார். அது தடையில்லாமல் வந்தது.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இன்னொருவர் தொட்டுக் கசங்கிய போர்வையைக்கூட அவர் வீட்டுக்குள் விடமாட்டார். மேஸ்திரி அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன, சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்கறேன்."

"எழுத்தெல்லாம் தேஞ்சிருக்கு."

"எனக்கு எழுத்து எதுக்கு? நம்பரெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

"சரி" என்றார் அக்கா. பிறகு மெல்ல, "உங்களுக்கு வசதியா இருக்கா?" என்று கேட்டார்.

அவர் பையிலிருந்து பிளானை எடுத்து அட்டையின்மேல் விரித்தார். காற்றில் சுருளாமல் இருக்க ஒரு மூலையில் அக்காவின் கைப்பையை இழுத்து வைத்துக்கொண்டார். திரையில் கட்டங்களைத் திறந்தார். நீளம் அடித்தார், உயரம் அடித்தார், பிளானைப் பார்த்தார், கதவு ஜன்னலைக் கழித்தார். விரல் தடுமாறும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. வெளியே மழை வலுத்தது. மழைக்கு ஒதுங்கிய ஆட்களும் சேர்ந்து கடை நிரம்பியது. வருகிற போகிறவர்கள் அவர் காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

அந்த ஒல்லிப் பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்துவிட்டு அக்காவிடம் வந்தாள்.

"மேடம், இதையே பில் போட்டுடவா?"

அக்கா கைகளைப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னக் கேக்காதம்மா. வாங்கறவர் அவர்."

அவள் பிரிண்டர் மேசையைச் சுற்றிப் போய், தரையில் மண்டியிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"சார், இதையே போட்டுடவா?"

மேஸ்திரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சும்மா தொணதொணக்காதம்மா. இந்தச் சுவரு முடியட்டும்."

அந்தப் பெண் திடுக்கிட்டு எங்களைப் பார்த்தாள். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவர் முடிய இன்னும் இருபது நிமிஷம் ஆயிற்று. நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.